கவுண்ட் எவ்வளவு சார்?

நான் வேலை பார்த்த ஏஆர்டி மையத்தின், அதாவது எச்ஐவி உள்ளவர்களுக்குக் கூட்டு மருந்து கொடுக்கும் இடத்தின் வராந்தாவில் 'நல்லா இருக்கீங்களா' என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. 'கவுண்ட் எவ்வளவு?' என்பதுதான் அங்கே நலம் விசாரிப்பு. ஐந்நூறைத் தாண்டியவர் பெஞ்சில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். நூறுக்குக் கீழே இருப்பவர் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் தள்ளிவிடுவார். ஒரு பெரியவர் பேரனின் மார்க் ஷீட்டையும் தன் சிடி4 சீட்டையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்து எல்லோரிடமும் காட்டினார். அந்த வருஷம் இரண்டிலுமே மார்க் கூடியிருந்தது.

2006 கடைசியில் தென் மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். ஒப்பந்த வேலைதான். ரத்தம் எடுப்பது, மெஷினில் ஓட்டுவது, வந்த எண்ணை நோட்டில் எழுதுவது, அவ்வளவுதான் வேலை என்று நினைத்துக்கொண்டு போனேன். அந்த எண்ணுக்கு யார் யார் என்னென்ன விலை கொடுக்கிறார்கள் என்பது பிடிபட எனக்கு ஒரு வருஷம் ஆனது.

சிடி4 என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் லிம்போசைட் என்று ஒரு வகை உண்டு. அதற்குள் ஒரு கூட்டம், ஊரில் தண்டோரா போடுகிறவர் மாதிரி. கிருமி வந்திருக்கிறது என்று இவர் பறையடித்துச் சொன்னால்தான் மற்ற அணுக்கள் திரண்டு வரும். இந்த அணுக்களின் மேல்தோலில் இருக்கும் ஒரு புரதத்தின் பெயர்தான் சிடி4. எச்ஐவி அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. தண்டோராக்காரரே போய்விட்டால் ஊர் தூங்கிக்கொண்டிருக்கும், திருடன் நிதானமாக வருவான். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் ஐந்நூறு முதல் ஆயிரத்து ஐந்நூறு வரை இருக்க வேண்டிய அணுக்கள் இருநூறுக்குக் கீழே இறங்கினால், மற்றவர்களை ஒன்றும் செய்யாத பூஞ்சைகூட நுரையீரலிலும் மூளையுறையிலும் குடியேறிவிடும். கவுண்ட் என்பது இந்த எண்ணிக்கைதான். மாத்திரை தொடங்க அன்றைக்கு 200 என்று கோடு போட்டதும் அதனால்தான்.

இந்தியாவில் எச்ஐவியின் கதையே ரத்தம் பயணம் போனதில்தான் தொடங்குகிறது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நிர்மலா செல்லப்பன் என்ற மாணவி, தன் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்தத்தைச் சேகரித்தார். சோதித்துப் பார்க்கும் வசதி சென்னையில் இல்லை. மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து ராத்திரி ரயிலில் காட்பாடி போய், வேலூர் சிஎம்சியில் கொடுத்தார். ஆறு மாதிரிகள் நிறம் மாறின. நாட்டில் எச்ஐவி இருக்கிறது என்று தெரிந்தது அன்றைக்குத்தான்.

அந்த ஐஸ் பெட்டியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எந்தப் பரிசோதனையாக இருந்தாலும் யாராவது பயணம் போய்த்தான் ஆக வேண்டும். ரத்தம் லேபுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் ஆள் போக வேண்டும், அதுவும் இல்லையென்றால் லேப் ஆளிடம் வர வேண்டும். பரிசோதனையின் விலை என்று காகிதத்தில் எழுதுவதில் இந்தப் பயணம் வருவதேயில்லை.

மருந்தின் விலை எப்படி விழுந்தது என்பது பலருக்குத் தெரியும். ஒருவருக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகிக்கொண்டிருந்த கூட்டு மருந்தை, 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம் 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. உலகமே திரும்பிப் பார்த்தது. 2004 ஏப்ரல் 1ஆம் தேதி இந்திய அரசு இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது, முதல் எட்டு மருத்துவமனைகளில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. 1928இல் டாக்டர் சவுரி முத்து காசநோய்க்காகத் தொடங்கிய இடம் அது. மாத்திரை கிடைத்துவிட்டது. ஆனால் யாருக்கு எப்போது கொடுக்கத் தொடங்குவது என்று சொல்லும் எண் மட்டும் மாத்திரை அளவுக்கு மலிவாகவில்லை. லட்சக்கணக்கில் விலையுள்ள மெஷின், குளிரில் வைக்க வேண்டிய கிட், ஏசி அறை, பயிற்சி பெற்ற ஆள், இத்தனையும் அந்த ஓர் எண்ணுக்கு வேண்டியிருந்தது.

எங்களுக்கு வந்தது ஃபேக்ஸ்கவுண்ட் என்ற மெஷின். பெக்டன் டிக்கின்சன் கம்பெனியுடையது. மேசை மேல் வைக்கிற அளவுதான், ஆனால் குழந்தையைவிட அதிகம் கவனிப்பு கேட்கும். ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்திலிருந்து 50 மைக்ரோலிட்டரை, அதாவது ஏறக்குறைய ஒரு சொட்டை, எலக்ட்ரானிக் பிப்பெட்டில் உறிஞ்சிக் கிட் குழாயில் விட வேண்டும். ஒவ்வொருவருக்கும் இரண்டு குழாய். அதற்குள் சிடி4 அணுவைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் சாயமேற்றிய ஆன்டிபாடியும், எண்ணிக்கைக்கு அளவுகோலாகச் சின்னச் சின்ன மணிகளும் இருக்கும். ஒரு மணி நேரம் இருட்டில் வைத்து, அப்புறம் மெஷினுக்குள் விட்டால், அணுக்கள் ஒவ்வொன்றாக வரிசையில் ஓடிப் பச்சை லேசரைக் கடக்கும். கடக்கும்போது எது மினுங்குகிறது என்று மெஷின் எண்ணும். முடிவு பஸ் டிக்கெட் மாதிரி ஒரு தாளில் வரும். அது வெயில் பட்டால் எழுத்து மங்கிவிடுகிற ஜாதி. நோயாளியிடம் இருக்கும் பச்சைப் புத்தகத்தில் பேனாவால் எழுதிக்கொடுத்துவிடுவோம்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. மெஷினை ஆன் செய்து முதல் நோயாளியின் ரத்தத்தை ஓட்டுவதற்கு முன்னால், மெஷின் சரியாக எண்ணுகிறதா என்று பார்க்கும் கன்ட்ரோலை ஓட்டியாக வேண்டும். அதற்கும் கிட் செலவாகும். நாலு பேருக்குப் பார்த்தாலும் அதே செலவு, நாற்பது பேருக்குப் பார்த்தாலும் அதே செலவு. அதனால் வாரத்தில் இரண்டு நாள்தான் கவுண்ட் எடுப்போம். ரத்தம் எடுத்து இரண்டு நாளுக்குள் ஓட்டிவிட வேண்டும், ஃபிரிட்ஜிலும் வைக்கக் கூடாது என்பதால் தாலுகா ஆஸ்பத்திரியில் எடுத்து அனுப்பவும் எங்கள் மாவட்டத்தில் ஏற்பாடில்லை. ஆள்தான் வர வேண்டும். அறுபது கிலோமீட்டரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருவார்கள். பதினொரு மணிக்கு மேல் வந்தால் 'அடுத்த வாரம் வாங்க' என்று சொல்லியே ஆக வேண்டும். நானே சொல்லியிருக்கிறேன். எத்தனை தடவை என்று எண்ணிப் பார்க்கத் தைரியம் வந்ததில்லை. ரத்தம் கொடுக்க ஒரு நாள், ரிசல்ட் வாங்க ஒரு நாள், ஆக இரண்டு நாள் கூலி போகும். வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருவது என்ற பொய் வேறு. நாங்கள் கிட் மிச்சம் பிடித்ததாக ரிப்போர்ட் எழுதுவோம். அந்த மிச்சத்தை யார் பையிலிருந்து எடுத்தோம் என்று எழுத அதில் கட்டம் இல்லை.

2008இலிருந்து சில வருஷம் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று இதைப் படிக்கிற பலருக்கு நினைவிருக்கும். பாதி ஓட்டத்தில் கரண்ட் போய், ஜெனரேட்டர் எடுக்கவில்லையென்றால் மறுபடி முதலிலிருந்து கன்ட்ரோல். கிட் வராமல் மாதக்கணக்கில் மெஷின் துணி போர்த்திக்கொண்டு நின்றதும் உண்டு. அந்தக் காலங்களில் எங்கள் டாக்டர் கையால் கணக்குப் போடுவார். சாதாரண ரத்தப் பரிசோதனையில் மொத்த வெள்ளை அணு 5,600, அதில் லிம்போசைட் நூற்றுக்கு 25 என்றால் 5,600இன் கால் பங்கு 1,400. இந்த 1,400 சென்னையில் பிறந்த எண். டாக்டர் சுனிதி சாலமன் தொடங்கிய ஒய்ஆர்ஜி கேர் மையத்தில் டாக்டர் குமாரசாமியும் மற்றவர்களும் நூற்றுக்கணக்கான நோயாளிகளின் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மொத்த லிம்போசைட் 1,400க்குக் கீழே போனால் சிடி4 இருநூறுக்குக் கீழே இருக்க வாய்ப்பு அதிகம், மற்ற தொற்றுகள் வராமலிருக்கத் தடுப்பு மாத்திரையைத் தொடங்கலாம் என்று 2002இல் எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனம் அப்போது 1,200 என்று வைத்திருந்தது.

மைக்ரோஸ்கோப்பும் ஒரு கால்குலேட்டரும் போதும். ஆனால் அது ஜாடைதான், ஆள் இல்லை. சிலரை அது தவறவிட்டுவிடும். சிகிச்சை தொடங்கிய பிறகு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதற்கு அதை நம்பவே முடியாது. ஆனாலும் ஒன்றும் இல்லாத நாளில் ஜாடை தெரிந்தால்கூடப் பெரிசு.

இன்னொரு மலிவு வழியைப் பயிற்சியில் காட்டினார்கள். காந்தத்தில் ஒட்டும் நுண்மணிகளில் ஆன்டிபாடியைப் பூசி ரத்தத்தில் விடுவது. சிடி4 அணுக்கள் அந்த மணிகளில் ஒட்டிக்கொள்ளும். குழாய்க்குப் பக்கத்தில் காந்தத்தை வைத்துப் பிடித்து, மற்றதைக் கொட்டிவிட்டு, அணுக்களை உடைத்து, உட்கருக்களை மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொன்றாக எண்ணலாம். மோனோசைட் என்ற இன்னொரு அணுவின் மேலும் கொஞ்சம் சிடி4 இருப்பதால் அதை முதலில் வேறு மணிகளால் வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணிக்கை பொய்யாகக் கூடிவிடும். லேசர் வேண்டாம், ஆனால் கண் வேண்டும். பத்துப் பேருக்கு எண்ணி முடிப்பதற்குள் எனக்குக் கண் இருட்டிவிட்டது. மலிவு என்று சொல்லும்போது டெக்னீஷியனின் கண்ணுக்கு யாரும் விலை போடுவதில்லை. சரி, என் புலம்பல் இருக்கட்டும்.

தென்னாப்பிரிக்காவில் வேறு விதமாக யோசித்தார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் டெபோரா கிளென்கிராஸ் என்ற மருத்துவர், மெஷினை மாற்றாமல் எண்ணும் முறையை மாற்றினார். நாலு ஆன்டிபாடி போட்டுக்கொண்டிருந்த இடத்தில், எல்லா வெள்ளை அணுவையும் காட்டும் ஒன்று, சிடி4ஐக் காட்டும் ஒன்று, ஆக இரண்டே போதும் என்று நிறுவினார். பான்லூகோகேட்டிங் என்று அதற்குப் பெயர். கிட் செலவு குறைந்தது மட்டுமில்லை, சில நாள் பழைய ரத்தத்தையும் நம்பி எண்ண முடிந்தது. அதாவது ரத்தம் கொஞ்சம் தூரம் பயணம் போகலாம், ஆள் ஊரிலேயே இருக்கலாம். இதைப் படித்த அன்று எனக்கு வந்த பொறாமை இன்றும் போகவில்லை.

இனி பூக்காரக்கா. பெயர் வேண்டாம், எங்கள் வராந்தாவிலும் அவருக்கு அதுதான் பெயர்.

2007இல் முதல் தடவை வந்தபோது அவருடைய கவுண்ட் 212. அன்றைய எல்லை 200. வேறு தொந்தரவு எதுவும் இல்லை. 'இப்போ மாத்திரை வேண்டாம், சில மாசம் கழிச்சு வந்து மறுபடி பாருங்க' என்று சொல்லி அனுப்பினார்கள். 212 என்று எழுதியது என் கைதான். அந்த எண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததை அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரே ஆளுக்கு சிடி4 காலையில் குறைவாகவும் ராத்திரியில் கூடுதலாகவும் இருக்கும். சளிக்காய்ச்சல் வந்தால் இறங்கும். ஒரே குழாய் ரத்தத்தை இரண்டு முறை ஓட்டினாலே இரண்டு எண் வரும். 212க்கும் 200க்கும் நடுவில் இருக்கும் பன்னிரண்டு, மெஷினின் கை நடுக்கத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் காகிதத்தில் 212 என்று அச்சாகிவிட்டால் அது 212தான். டாக்டருக்கும் வேறு வழியில்லை, மாத்திரைக்கு எல்லை வகுத்தவர்கள் டெல்லியில் இருந்தார்கள்.

அவர் சொன்ன மாதத்தில் வரவில்லை. மார்கழி, தை, மாசி என்று பூ சீசன். கவுண்ட் நாளில் வந்தால் அந்த நாள் வியாபாரம் போய்விடும். எட்டு மாதம் கழித்துத் தம்பி தோளில் தாங்கிக் கூட்டிக்கொண்டு வந்தார். கவுண்ட் 47. நுரையீரலில் டிபி. முதலில் டிபி மருந்து, அது கொஞ்சம் பிடித்த பிறகு கூட்டு மருந்து. வார்டில் அவர் படுத்திருந்த அந்த மாதத்தில் நான் பிப்பெட்டைப் பிடிக்கும்போதெல்லாம் 212 என்ற எண்தான் கண் முன்னால் நின்றது. அப்புறம் மெல்ல ஏறினார். 96, 181, 340. ஐந்நூறைத் தாண்டிய அன்று வராந்தா முழுக்க ஆளுக்கொரு முழம் கதம்பம் கொடுத்தார். ஆண்களும் வாங்கிக்கொண்டார்கள்.

அந்த வருஷங்களில் உகாண்டாவிலும் ஜிம்பாப்வேயிலும் ஒரு பெரிய ஆய்வு நடந்துகொண்டிருந்தது. டார்ட் என்று பெயர். மருந்து தொடங்கிய 3,316 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சிடி4 உட்பட எல்லா ரத்தப் பரிசோதனையும் பார்த்து அதை வைத்துச் சிகிச்சை. மற்ற பாதிக்கு டாக்டர் நோயாளியின் உடம்பைப் பார்த்து முடிவெடுப்பார், பிரச்சினை என்றால்தான் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்ப்பார், அப்போதும் சிடி4 கிடையாது. 2010இல் முடிவு வெளியானது. ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 90, இரண்டாவதில் 87. முதல் இரண்டு வருஷத்துக்கு வித்தியாசமே தெரியவில்லை. பரிசோதனைக்குப் பணம் இல்லை என்பதற்காக மருந்தை நிறுத்தி வைக்காதீர்கள், இதுதான் அதன் செய்தி. லேப்காரனான எனக்கு அது லேசாகக் குத்தியது. என் எண் இல்லாமலேயே 87 பேர் பிழைத்திருக்கிறார்களே! ஆனால் அந்த மூன்று பேர் யார் என்றும் மனசு கேட்டது.

எல்லைக்கோடு அதன் பிறகு ஓடத் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2010இல் 350 என்றது, 2013இல் 500 என்றது, 2015இல் எண்ணே வேண்டாம், தொற்று உறுதியான எல்லோருக்கும் மருந்து என்றது. இந்தியா 2017இல் அதை ஏற்றுக்கொண்டது. பூக்காரக்கா பத்து வருஷம் கழித்து வந்திருந்தால் முதல் வாரத்திலேயே மாத்திரையோடு போயிருப்பார். இதைவிட நல்ல செய்தி இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மருந்து வேலை செய்கிறதா என்பதை இப்போது வைரல் லோடில் பார்க்கிறார்கள். அணு எத்தனை மிஞ்சியது என்று பார்ப்பதைவிட வைரஸ் எத்தனை இருக்கிறது என்று நேராகப் பார்ப்பது சரிதான்.

பயணமும் கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது. தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு ஆறு வாரத்தில் குதிகாலில் குத்தி, சொட்டுச் சொட்டாக ஓர் அட்டையில் ஒற்றிக் காயவைத்து அனுப்புவோம். ஐஸ் வேண்டாம். வேறொரு நோய்க்காக ராபர்ட் கத்ரி என்ற அமெரிக்க மருத்துவர் 1960களில் கொண்டுவந்த முறை அது. ராத்திரி முழுக்கக் காய்ந்த ரத்தம் ஒரு கவருக்குள் போய்விடும். அந்த ஐஸ் பெட்டியை நினைத்துக்கொண்டு முதல் கவரை ஒட்டினேன்.

எனக்குச் சமாதானமாகாத விஷயம் ஒன்று உண்டு. எல்லோருக்கும் மருந்து என்றானதும் சிடி4க்கான பணமும் அக்கறையும் உலகம் முழுக்கக் குறைந்தன. ஆனால் முற்றிப்போன நிலையில் முதல் தடவையாக வருகிறவர்கள் இன்னும் வருகிறார்கள், மருந்தை நடுவில் விட்டுவிட்டுத் திரும்புகிறவர்களும் வருகிறார்கள். 47இல் இருப்பவரும் 600இல் இருப்பவரும் பார்வைக்கு ஒரே மாதிரி தெரியலாம். 47க்கு வெறும் கூட்டு மருந்து போதாது. கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை இருக்கிறதா என்று ரத்தத்திலும் டிபி இருக்கிறதா என்று சிறுநீரிலும் பட்டைப் பரிசோதனை செய்ய வேண்டும், தடுப்பு மாத்திரை கொடுக்க வேண்டும். யாருக்குச் செய்வது என்று சொல்ல அந்த எண் வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், எண் தேவையில்லை என்று பேசத் தொடங்கிய பிறகுதான் எண்ணைக் காட்டும் மலிவான பொருள் கைக்கு வந்தது. மெல்போர்னின் பர்னெட் ஆய்வகத்தில் பிறந்த விசிடெக்ட் என்ற பட்டை. கர்ப்பம் பார்க்கும் பட்டை மாதிரியேதான். விரலில் குத்தி ரத்தம், கொஞ்சம் திரவம், நாற்பது நிமிஷம். மெஷின் இல்லை, கரண்ட் இல்லை. மோனோசைட்டை முதலில் தடுத்து நிறுத்தும் அந்தப் பழைய தந்திரம் இதற்குள்ளும் இருக்கிறது. ஒரு கோடு 200க்கான அளவுகோல், இன்னொரு கோடு நோயாளியுடையது. நோயாளியின் கோடு வெளுத்திருந்தால் 200க்குக் கீழே. ஒரு பயிற்சி வகுப்பில் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். 212 மாதிரி ஒன்று வந்தால் இரண்டு கோடும் ஒரே அழுத்தமாகத்தான் தெரியும், ஆளுக்கு ஆள் வேறு சொல்வார்கள். என் மெஷின் அந்தச் சந்தேகத்தை எண்ணுக்குள் ஒளித்து வைத்திருந்தது, பட்டை அதை வெளியே காட்டுகிறது. அதற்காகவே அதை எனக்குப் பிடித்துப்போயிற்று.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் பூக்காரக்காவைப் பார்த்தேன். நான் அந்த வேலையை விட்டே பல வருஷம் ஆகிவிட்டது.

"இப்பல்லாம் கவுண்டே எடுக்கிறதில்ல தம்பி."

"எடுக்க வேண்டாம்க்கா. வைரல் லோடு பாத்தாங்கள்ல, என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் தெரியலைன்னு வந்துருக்காம். நல்லதுன்னு சொன்னாங்க." மல்லிகையைக் கூடையிலிருந்து இழுத்தபடியே கேட்டார், "ஒண்ணும் தெரியலைங்கிறதப் போய் எப்படிப்பா அடுத்தவங்ககிட்ட சொல்றது? ஐந்நூத்தி அறுபதுன்னா ஒரு பேரு இருந்துச்சு."

எனக்குப் பதில் வரவில்லை. ரெண்டு முழம் கொடுங்கக்கா என்றேன். முழங்கை மடிப்பில் தொடங்கி நடுவிரல் நுனி வரை சரத்தை வைத்து இரண்டு தடவை அளந்தார். நுனியில் விரற்கடை அளவு கூடவே விட்டு நறுக்கினார்.